அரசு முத்திரை பெற்ற கொசுறு

அணா போய் நயா பைசா வந்தபோது லிங்கசாமி ஒன்றும் சொல்லவில்லை. வீசை போய் கிலோ வந்தபோதும் சொல்லவில்லை. அவர் எருமைப்பால் ஊற்றிப் பிழைக்கிறவர். எருமைக்கு நயா பைசாவும் தெரியாது, கிலோவும் தெரியாது. பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும்தான் தெரியும். ஆனால் சர்க்கார் ஒன்றில் கைவைத்தால் லேசில் விடுமா? மிச்சமிருந்த படி, உழக்கு, ஆழாக்கு எல்லாவற்றையும் மூட்டை கட்டச் சொல்லிவிட்டு, லிட்டர் என்ற ஒன்றைத் திருப்பூருக்குள் இறக்கிவிட்டது.

அதை விளக்குவதற்கென்றே அளவை இலாகாவிலிருந்து முத்திரை இன்ஸ்பெக்டர் ஞானசிகாமணி வந்து சேர்ந்தார். பால்காரர்கள், எண்ணெய்க்காரர்கள், மண்ணெண்ணெய்க் கடைக்காரர்கள் எல்லோரையும் ஒரு பனியன் கம்பெனி முற்றத்தில் உட்கார வைத்து, ஒரு தகரப் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்.

“இதன் நீளம் பத்து சென்டிமீட்டர். அகலம் பத்து சென்டிமீட்டர். உயரம் பத்து சென்டிமீட்டர். இதற்குள் எவ்வளவு பிடிக்கிறதோ அதுதான் ஒரு லிட்டர். அதை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு, மில்லி லிட்டர். இதைவிட எளிமையான விஷயம் உலகத்தில் உண்டா?”

அந்தச் சமயத்தில்தான் பனியன் கம்பெனிகளில் அங்குலம் போய் சென்டிமீட்டர் வந்திருந்தது. நெஞ்சளவு எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. ஆகவே லிங்கசாமி பயந்து பயந்து எழுந்து நின்றார்.

“ஏனுங்க சாமி, பத்தாவது சைஸ்ல என்னத்தப் புடிக்குமுங்க? கைக்கொழந்தைக்கே நாப்பதாவது சைஸ் பனியன் வேணுமுங்களே.”

முற்றமே சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அவருடைய இலாகாவில் சிரிப்புக்கு இன்னும் அளவு நிர்ணயிக்கப்படவில்லை. பியூன் வீரனைக் கூப்பிட்டு, நீளக் கைப்பிடி வைத்த அலுமினியக் குவளை ஒன்றில் சுத்தியலால் ‘டங்’ என்று முத்திரை குத்த வைத்து, லிங்கசாமியிடம் நீட்டினார். “இதுதான் ஒரு லிட்டர். இனி உன் பிழைப்பு இதற்குள் இருக்கிறது” என்றார். அன்றைக்கு அது அளவுக்கு மீறிய பேச்சாகத்தான் தெரிந்தது. கடைசியில் பார்த்தால் பிழைப்பு இருந்தது அதற்கு வெளியேதான்.

மறுநாள் காலை முருகன் கோயில் வீதியில் முதல் வீடு முத்தாயி வீடு. முத்தாயி பனியன் கம்பெனிக்கு, பனியன்களின் கையை மடித்துக் கொடுக்கிற வேலைக்குப் போகிறவள்; சங்கு ஊதுவதற்குள் பால் வாங்கி, காப்பி போட்டு, பிள்ளைகளை எழுப்பி, புருஷனையும் எழுப்பிவிட்டு ஓட வேண்டும். போசியை நீட்டினாள். லிங்கசாமி புதுக் குவளையால் ஒரு லிட்டர் அளந்து ஊற்றினார். போசிப் பாத்திரம் அப்படியே நீண்டுகொண்டிருந்தது. அது அந்த வீதியின் பழக்கம்: கொசுறு விழாமல் போசி உள்ளே போகாது. வாய் திறந்து கேட்கவும் மாட்டார்கள். கை மட்டும் நீண்டபடி இருக்கும், கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். லிங்கசாமியும் எப்போதும்போல் கேனைச் சாய்த்து ஒரு சொளக்கு ஊற்றினார்.

“நிறுத்து!”

வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து ஞானசிகாமணி வெளிப்பட்டார். சைக்கிளையும் மரத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தார்.

“என்ன ஊற்றினாய்?”

“ஒரு லிட்டருங்க சாமி.”

“அதற்கு அப்புறம்?”

“அது... கொசுறுங்க.”

“எத்தனை மில்லி?”

லிங்கசாமி குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அதுக்கு ஏதுங்க மில்லி? கொறச்சலா ஊத்துனாத்தானுங்களே தப்பு. இது எச்சுங்க சாமி.”

“எச்சும் தப்பு, குறைச்சலும் தப்பு. சரியாக இருப்பது மட்டும்தான் சரி. நீ ஒரு லிட்டர் என்று சொல்லி அதற்கு மேல் கொடுத்தால், இந்த வீட்டு லிட்டர் பெரிசாகிவிடுகிறது. அப்புறம் அடுத்த வீட்டு லிட்டர். அப்புறம் ஊர் முழுக்க. கடைசியில் திருப்பூர் லிட்டர் வேறு, டெல்லி லிட்டர் வேறு என்று ஆகிவிடும். தேசம் என்னத்துக்கு ஆகும்?”

தேசத்தை உடைக்கிற வஸ்து ஒன்று தன் பால் கேனுக்குள் இத்தனை வருஷமாகக் கிடந்திருக்கிறதே என்று லிங்கசாமி கேனுக்குள் எட்டிப் பார்த்தார். ‘முத்திரைக்கு அப்பாற்பட்ட, அளவற்ற திரவ விநியோகம்’ என்று குற்றத்துக்குப் பெயர் வைத்து, இன்னொரு தரம் பிடிபட்டால் குவளையும் போகும், கேஸும் வரும் என்று எச்சரித்துவிட்டு இன்ஸ்பெக்டர் சைக்கிள் ஏறினார்.

அடுத்த நாள் லிங்கசாமி ஒரு லிட்டரோடு நிறுத்திக்கொண்டார். போசி நீண்டபடி இருந்தது. அவர் வானத்தைப் பார்த்தார். முத்தாயியும் வானத்தைப் பார்த்தாள். கம்பெனிச் சங்கு ஊதியது. போசி அசையவில்லை.

“ஏப்பா லிங்கா, கைக்கு என்ன வந்துச்சு?”

“சர்க்காரு உத்தரவுங்க்கா. கொசுறு ஊத்துனா கேசுங்களாமா.”

“ஊத்தாட்டிப் போனா வாடிக்கை போயிரும், அது தெரியுமா உனக்கு? அந்தப் பால்கார அய்யாசாமி போசி நெறையக் கொசுறு ஊத்தறானாமா.”

“அது பூராத் தண்ணிங்க்கா!”

“தண்ணியோ வெந்நியோ, மனசோட ஊத்தறானில்ல.”

வீடு வீடாக இதே கதை. வீதி கூடிப் பேசி, வரும் சனிக்கிழமை வரைக்கும் பொறுப்பது, அதற்கப்புறமும் கொசுறு விழாவிட்டால் மொத்த வாடிக்கையையும் அய்யாசாமிக்கு மாற்றிவிடுவது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் லிங்கசாமியின் பெண்சாதி சின்னாத்தாள் தீவனக் கூடையைப் பொத்தென்று போட்டாள். “ஏனுங்க, வாடிக்கை போச்சுன்னா எருமையைச் சந்தைக்கு ஓட்ட வேண்டியதுதான். அப்பறம் நீங்க அந்த லிட்டரைக் கழுத்துல கட்டீட்டு ஊரைச் சுத்துங்க. போங்க, அந்த ஆபீசுக்கே போய் ஒரு வழி கேட்டுட்டு வாங்க.” எருமை அவர் முகத்தைப் பார்த்தது. அந்தப் பார்வையைத் தாங்காமல்தான் அவர் ஆபீசுக்கே போனார்.

ஞானசிகாமணி அவரை அன்போடு வரவேற்றார். தேடி வருகிற குற்றவாளிகள் அந்த இலாகாவில் அபூர்வம்.

“இலாகா கொசுறுக்கு விரோதி அல்ல. அளவில்லாமைக்குத்தான் விரோதி. கொசுறுக்கும் ஒரு அளவை செய்து, முத்திரை வாங்கிக்கொண்டு, தாராளமாக ஊற்று. எத்தனை மில்லி?”

“எனக்கெப்படிங்க தெரியும்? கையில்லீங்களா ஊத்துது.”

“எந்தக் கை?”

“இந்த வலது கைங்க.”

இன்ஸ்பெக்டர் அந்தக் கையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “அளவையாகப் பயன்படும் எந்தப் பொருளும் முத்திரை பெற வேண்டும் என்று விதி இருக்கிறது” என்று முணுமுணுத்தார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் வீரன் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். வீரன் கடமையில் புலி. எதைக் காட்டினாலும் குத்துவான். லிங்கசாமி கையை உருவி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, “வேண்டாமுங்க சாமி, எருமை கறக்கற கைங்க!” என்று அலறினார். கையில் முத்திரை குத்துவதென்றால் வருஷா வருஷம் கொண்டுவந்து புதுப்பிக்க வேண்டியிருக்கும், நகம் வளர்ந்தால் அளவு மாறும் என்றெல்லாம் யோசித்து, இன்ஸ்பெக்டர் பெரிய மனது பண்ணி அந்த யோசனையைக் கைவிட்டார். விஷயம் மேலிடத்துக்குப் போயிற்று.

வெள்ளிக்கிழமை கோயமுத்தூரிலிருந்து ஜீப்பில் துணைக் கண்ட்ரோலர் சுந்தரவரதன் வந்து இறங்கினார். அதே பனியன் கம்பெனியின் கட்டிங் ஹாலில், துணி வெட்டும் நீள மேஜைமேல் வெள்ளை விரித்து, ‘கொசுறு நிர்ணய விழா’ என்று தட்டி கட்டியிருந்தார்கள். வீதிப் பெண்கள் அத்தனை பேரும் போசியோடு வந்திருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

கண்ட்ரோலர் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார்.

“பெரியோர்களே, தாய்மார்களே! இந்த இலாகாவில் சேர்ந்த நாளிலிருந்து நான் எதையுமே அளந்ததில்லை. அளப்பது கீழே இருப்பவர்கள் வேலை. அளக்கிறவர்களை மேய்ப்பது என் வேலை. என் வீட்டில் எத்தனை லிட்டர் பால் வாங்குகிறோம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அது சம்சாரம் பார்க்கிற காரியம். தேசத்தில் எத்தனை லிட்டர் பால் என்று கேளுங்கள். அதுவும் தெரியாது. ஆனால் அது ஏன் தெரியவில்லை என்று ஆராய ஒரு குழு போட்டிருக்கிறோம்!”

கைதட்டல். கண்ட்ரோலர் குரலைத் தாழ்த்தினார்.

“கொசுறு என்பது என்ன? அன்பு என்கிறார்கள். நான் சொல்கிறேன், கள்ளக்கடத்தலைவிட இது ஆபத்தானது. ஏனென்றால் கள்ளக்கடத்தல்காரனிடம்கூட ஒரு கணக்கு இருக்கிறது!”

இதற்கும் கைதட்டினார்கள். முத்தாயி மட்டும், “இந்தாளு ஊட்டுக்காரி பாவம்” என்றாள் பக்கத்துப் பெண்ணிடம்.

பரிசோதனை தொடங்கியது. மேஜைமேல் கோடு போட்ட கண்ணாடிக் குழாய் ஒன்று நின்றது. “உன் இயல்பான கொசுறை இதில் ஊற்று” என்றார் இன்ஸ்பெக்டர். லிங்கசாமி கேனைப் பிடித்தார். ஒரு சொட்டு விழவில்லை. கை சாயவே இல்லை.

“லிட்டர் ஊத்தாம மொட்டையாக் கொசுறு வராதுங்க சாமி.”

பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் ஒரு லிட்டர் ஊற்றச் சொன்னார்கள். அப்போதும் வரவில்லை. “ஆராச்சும் போசியை நீட்டோணுமுங்க” என்றார். முத்தாயியை மேடைக்கு அழைத்தார்கள். அவள் போசியை நீட்டி எங்கேயோ பார்த்தாள். உடனே கை தானாகச் சாய்ந்து ஒரு சொளக்கு விழுந்தது. குழாயில் கொட்டி அளந்தார்கள்: ஐம்பத்தைந்து மில்லி. சபை மகிழ்ந்தது.

அடுத்து வீரன் நீட்டினான். கை முத்திரை ஞாபகம் வந்து லிங்கசாமிக்கு நடுங்கியதில் முப்பது மில்லிதான் விழுந்தது. கூடவே வந்திருந்த சின்னாத்தாளை நீட்டச் சொன்னார்கள். “ஊட்டுக்காரிக்கு என்னத்துக்குங்க கொசுறு?” என்று லிங்கசாமி நிஜமாகவே விழித்தார். பூஜ்யம் என்று குறித்துக்கொண்டார்கள். சின்னாத்தாளும் மனசுக்குள் குறித்துக்கொண்டாள். கடைசியில் கண்ட்ரோலரே ஒரு லோட்டாவை நீட்டினார். அவ்வளவு பெரிய அதிகாரி தன் எதிரில் கை நீட்டி நிற்பதைப் பார்த்ததும் லிங்கசாமிக்குப் பக்தியும் பீதியும் ஒன்றாகப் பொங்கி, கேனையே கவிழ்த்துவிட்டார். லோட்டா நிறைந்து, சட்டைக்கை நனைந்து, பால் பூட்சுக்குள் இறங்கியது.

“இதைச் சராசரியில் சேர்க்க வேண்டாம். இயற்கைச் சீற்றம் என்று குறித்துக்கொள்ளுங்கள்” என்றார் கண்ட்ரோலர் நிதானமாக. பெரிய பதவிக்கு வருகிறவர்களுக்கு அந்த நிதானம் வேண்டும்.

“எதற்காக அம்மா உங்களுக்கு இந்தக் கொசுறு?” என்று முத்தாயியை விசாரித்தார்.

“இதென்னங்க சாமி கேள்வி? பனியன் துணி வெளுத்தாச் சுருங்குமுங்க. அதுக்குன்னு எங்க கட்டிங் மாஸ்டர் ரெண்டு வெரக்கடை எச்சா உட்டுத்தான் வெட்டறாரு. பாலும் காச்சுனாச் சுண்டுமுங்களே. ரெண்டுக்கும் ஒரே நாயந்தானுங்க.”

கண்ட்ரோலர் மெய்மறந்தார். இலாகாவில் இதுவரை எவனும் இப்படிக் காரணம் சொன்னதில்லை. சின்னாத்தாளின் பூஜ்யத்தைக் குடும்ப விவகாரம் என்று தள்ளி, மிச்சமிருந்த இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, நாற்பத்திரண்டரை மில்லி லிட்டர்தான் அரசு அங்கீகாரம் பெற்ற கொசுறு என்று எழுந்து நின்று பிரகடனம் செய்தார். இன்ஸ்பெக்டருக்குக் கண் கலங்கியது.

தகரக்காரர் உடனே ஒரு சின்னக் கிண்ணம் அடித்துக் கொடுத்தார். குழாயில் ஊற்றிப் பார்த்தால் மில்லி பிசகவில்லை. வீரன் அதை வாங்கி, முருகனை வேண்டிக்கொண்டு, ‘டங்’ என்று குத்தினான். முத்திரை பிரமாதமாக விழுந்தது. கிண்ணமும் உள்ளே ஒடுங்கியது. மறுபடி அளந்தால் நாற்பதுதான் பிடித்தது.

“முத்திரை இருக்கிறது, அளவு தப்பு. செல்லாது” என்றார் இன்ஸ்பெக்டர்.

உள்ளேயிருந்து தட்டி ஒடுக்கை எடுத்தார்கள். அளவு வந்தது, முத்திரை அழிந்துவிட்டது. “அளவு சரி, முத்திரை இல்லை. செல்லாது.” வீரன் மறுபடி குத்தினான். மறுபடி ஒடுங்கியது. தட்டினார்கள், குத்தினான். ஹால் முழுக்க டங் டங் என்று கோயில் மணி மாதிரி கேட்டதில், வாசலில் போன ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். சரியான கிண்ணத்தை முத்திரையே தப்பாக்குகிறது என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அதைச் சொல்வதற்கு இலாகாவில் யாருக்கும் அதிகாரம் இல்லை.

முத்தாயிக்குத்தான் பொறுமை போயிற்று. “ஏனுங்க சாமி, குத்துனாச் சுருங்கும்னு தெரியுதில்லீங்க? மொதல்லயே கொஞ்சம் எச்சா உட்டு அடிக்கச் சொல்றதுதானுங்களே?”

அப்படியே செய்தார்கள். பெரிதாக அடித்து, குத்தி, ஒடுக்கி, நாற்பத்திரண்டரை வந்தது. ஆக அந்தக் கிண்ணத்துக்கே ஒரு கொசுறு கொடுக்க வேண்டியிருந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. விடிகாலையில் வீதியே வாசலில் நின்றது. கண்ட்ரோலர் இந்தச் சரித்திர சம்பவத்தைக் கண்ணால் பார்க்கவென்றே ராத்திரி திருப்பூரில் தங்கியிருந்தார். அய்யாசாமியும் வீதி முனையில் கேனோடு தயாராக நின்றான். லிங்கசாமிக்கு அவனைப் பார்க்கப் பார்க்க எருமை சந்தைக்கு நடப்பது போலவே இருந்தது.

முத்தாயி போசியை நீட்டினாள். ஒரு லிட்டர் விழுந்தது. முத்திரைக் கிண்ணத்தில் தளும்பத் தளும்ப அளந்து அரசுக் கொசுறும் விழுந்தது. இலாகா கைதட்டியது.

போசி அப்படியே நீண்டிருந்தது.

“என்னம்மா, அதுதான் கொசுறு விழுந்துவிட்டதே?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அது அளந்ததுங்க சாமி” என்றாள் முத்தாயி. “அளந்து ஊத்துனா அதும் வெலைக்கு ஊத்துனாப்பல ஆச்சுங்களே. இனி கொசுறு ஊத்தச் சொல்லுங்க.”

வீதி முழுக்கப் போசிகள் நீண்டன. ஞானசிகாமணி போசிகளை எண்ணிப் பார்த்தார். இந்த இரண்டாம் கொசுறையும் நிர்ணயித்தால் மூன்றாவது கேட்பார்கள். அப்புறம் திருப்பூரில் லிட்டர் எங்கே போய் முடியும் என்று இலாகாவால் சொல்ல முடியாது. கண்ட்ரோலர் முகம் சிவந்தது.

“போதும்! இந்த நிமிஷத்திலிருந்து கொசுறு ரத்து. நாற்பத்திரண்டரையும் ரத்து. ஒரு லிட்டர் என்றால் ஆயிரம் மில்லி. அதற்கு மேல் ஒரு சொட்டு விழுந்தால் ஆளை உள்ளே போடுவேன்!”

வீதி முனையில் அய்யாசாமி கேனின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று லிங்கசாமி குவளையைக் கவிழ்த்தார்.

ஜீப்பில் ஏறப்போன கண்ட்ரோலர் நின்றார். டிரைவர் அவர் காதில் என்னவோ சொன்னான். வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய பித்தளைத் தூக்கை எடுத்துக்கொண்டு கண்ட்ரோலர் திரும்பி வந்தார். “சம்சாரம் நல்ல எருமைப்பாலாகப் பார்த்து வாங்கிவரச் சொன்னாள். ஒரு லிட்டர் ஊற்று.”

லிங்கசாமி அளந்தார். தளும்பாமல், சிந்தாமல், குவளை விளிம்பில் தொங்கிய கடைசிச் சொட்டு வரைக்கும் காத்திருந்து ஊற்றினார். சுத்தமான, சட்டப்படியான, டெல்லி லிட்டர். ஊற்றிவிட்டுக் குவளையைக் கேனில் மாட்டினார்.

தூக்கு நீண்டபடி இருந்தது.

லிங்கசாமி அண்ணாந்து பார்த்தார். கண்ட்ரோலர் எங்கேயோ வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மட்டும் அசையவில்லை.

“ஆயிரம் மில்லி ஆச்சுங்க சாமி” என்றார் லிங்கசாமி.

“ம்” என்றார் கண்ட்ரோலர். தூக்கு இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தது. அப்புறம் ரொம்ப யோசித்து, “ஞானசிகாமணி, அந்தப் பக்கம் ஏதோ வண்டி வருகிற மாதிரி இருக்கிறது. பாருங்கள்” என்றார்.

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். வீரனும் பார்த்தான். வீதியில் வண்டி ஒன்றும் வரவில்லை. சொளக் என்று ஒரு சத்தம் கேட்டது. தூக்கு உள்ளே போயிற்று. ஜீப்பும் போயிற்று.

“வண்டி இன்னும் வருதுங்களா சாமி?” என்று கேட்டாள் முத்தாயி, போசியை நீட்டியபடி. ஞானசிகாமணி தலையைத் திருப்பவே இல்லை. “வருகிறது, வருகிறது” என்றார். கடைசிப் போசி உள்ளே போகும் வரைக்கும் அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அய்யாசாமி கேனை மூடிக்கொண்டு கிளம்பினான்.

அரசு முத்திரை பெற்ற கொசுறுக் கிண்ணத்தில் சின்னாத்தாள் இப்போது பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் புகட்டுகிறாள். லிங்கசாமியின் எருமை சந்தைக்குப் போகவில்லை; சினையாக இருக்கிறது. ஞானசிகாமணி கோயில் வீதிக்கே குடிவந்துவிட்டார். காலையில் அவர் வீட்டுக்கும் லிங்கசாமிதான் பால். ஒரு லிட்டர் விழுந்ததும், போசியை நீட்டியபடியே, வண்டி வருகிறதா என்று அவரே தெருமுனையைப் பார்க்கிறார்.